கோப்பு போனது, கேசட் இருக்கிறது



எரேமியா இறைவாக்கினர் நூலின் 36-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். கதைபோல ஓடும் அதிகாரம் அது. எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக்கு என்ற எழுத்தர் ஓர் ஏட்டுச்சுருளில் எழுதுகிறார். எரேமியா இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பேசி வந்தவை அந்த ஒரு சுருளுக்குள் வருகின்றன. அது யோயாக்கிம் அரசனிடம் போய்ச் சேர்கிறது. குளிர்காலம். அரசன் தன் குளிர்கால மாளிகையில் கணப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒருவர் வாசிக்கிறார். மூன்று நான்கு பத்தி முடிந்ததும், அரசன் எழுத்தரின் கத்தியை எடுத்து அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி மூன்று பத்தி, மறுபடி கத்தி. எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சுகிறார்கள். அவன் காதில் விழவில்லை. கடைசியில் சட்டியில் சாம்பல்தான் மிச்சம்.

பிறகு நடப்பதுதான் முக்கியம். எரேமியா இன்னொரு சுருளை எடுக்கிறார். பாரூக்கு மறுபடி மை தொட்டு உட்காருகிறார். எரிந்துபோனவை எல்லாம் திரும்ப எழுதப்படுகின்றன. அதோடு நிற்கவில்லை, முதல் சுருளில் இல்லாதவையும் நிறையச் சேர்ந்தன என்று அந்த அதிகாரம் முடிகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று பேசப் போவது ஒரு வீட்டு வீடியோவைப் பற்றி. சிரிக்க வேண்டாம். நவம்பர் மாதம் பிறந்தால் கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு முடிந்து திரும்பும்போது என்னிடம் யாராவது ஒருவர் இதைத்தான் கேட்கிறார்: “சாமி, அம்மா இருந்த சிடி இப்ப ஓடமாட்டேங்குது. ஏதாவது வழி இருக்கா?” இறந்தவர்களுக்காகச் செபிக்கும் மாதத்தில், இறந்தவர்களின் முகமும் குரலும் எங்கே போயின என்று தேடுவது இயல்புதானே.

சென்ற ஆண்டு அப்படி ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன்; பெயரும் ஊரும் வேண்டாம். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தவர். 2005-இல் ஊருக்கு வந்தபோது ஒரு சிறிய கேமரா கொண்டுவந்தார், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் போடுவார்களே, மினிடிவி, அந்த ரகம். 2006 மே மாதம் மகளுக்குப் புதுநன்மை. காலையில் வீட்டில் அலங்காரம் தொடங்கி, கோயில், விருந்து, இரவு வரை ஐந்து கேசட் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு விடுமுறையில் அவரே இரவிரவாக உட்கார்ந்து, விண்டோஸ் மூவி மேக்கரில் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, நாற்பது நிமிடப் படமாக்கி டிவிடியில் போட்டார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிரதி கொடுத்தார். பிறகு கணினியின் ஹார்ட் டிஸ்க் போயிற்று. அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை, டிவிடிதான் இருக்கிறதே.

அம்மா இறந்து மூன்று ஆண்டு. மகளுக்கு ஜனவரியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. திருமணத்துக்கு முந்தின நாள் இரவு அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. டிவிடி 13-ஆம் நிமிடத்தில் உறைந்து நின்றது. நம் பங்கில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவரிடம் கொண்டு போனார்கள். அவர் முதலில் கேட்ட கேள்வி, “அண்ணாச்சி, ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கா?”

இல்லை. “அப்ப கஷ்டம்தான்” என்று அப்பா தானே சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தத் தம்பிதான் உட்கார வைத்து, “அண்ணாச்சி, கேசட் இருக்கா?” என்று கேட்டார். பீரோவுக்கு மேல், செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்குள், ஐந்தும் இருந்தன.

ப்ராஜெக்ட் ஃபைல் என்றால் என்ன என்பதை எனக்கு அவர் விளக்கிய பிறகு நான் எனக்காக ஓர் உவமை செய்துகொண்டேன். ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுத் தலைவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருப்பார். வருகைப் பாடல் இந்த எண், இரண்டு சரணம் மட்டும். காணிக்கைப் பாடல் அந்த எண், பல்லவியை இரண்டு முறை. சீட்டில் பாட்டு இருக்காது. பாட்டு பாட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபைல் அந்தச் சீட்டு. இந்தக் கேசட்டில் நாலாவது நிமிடத்திலிருந்து பத்து விநாடி எடு, அதன் பிறகு அடுத்த கேசட்டில் இந்த இடம், இங்கே பாட்டைத் தொடங்கு, இங்கே தலைப்புப் போடு என்ற குறிப்புகள்தாம் அதில் உண்டு. படம் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு சிறிய கோப்பு. கோப்பு மட்டும் தப்பி, படங்கள் அழிந்தாலும் பயனில்லை. திறந்தால் ஒவ்வொரு காட்சியின் இடத்திலும் பெருக்கல் குறிதான் நிற்கும். சீட்டு தொலைந்தால் பாடகர் குழுத் தலைவர் கொஞ்சம் தடுமாறுவார், வேறென்ன? புத்தகம் தொலைந்தால்தான் அன்று பாட்டு இல்லை.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். டிவிடி கைக்கு வந்ததும் “இனி இந்தக் கேசட் எதுக்கு, இடத்தை அடைக்குது” என்று தூக்கிப் போடுகிறோம். டிவிடியோ, சுட்ட செங்கல். அதைத் திரும்பக் களிமண்ணாக்க முடியாது. பாட்டும் தலைப்பும் பூ விரிவதுபோல் காட்சி மாறும் வேடிக்கைகளும் படத்தோடு ஒட்டிப்போயிருக்கும். மேலும், டிவிடியில் இடம் போதாததால் படம் நன்றாக அமுக்கப்பட்டிருக்கும். அதை எடுத்து வெட்டி மறுபடி அமுக்கினால் தரம் இன்னும் இறங்கும். ஒரு மணி நேர மினிடிவி கேசட்டைக் கணினிக்குள் அப்படியே இறக்கினால் சுமார் 13 ஜிபி வரும். டிவிடி முழுவதுமே 4.7 ஜிபிதான். ஐந்து கேசட்டுக்கு 65 ஜிபி. 2007-இல் பல வீட்டுக் கணினிகளின் மொத்தக் கொள்ளளவே 80 ஜிபி. வேலை முடிந்ததும் அந்த அப்பா எல்லாவற்றையும் அழித்துவிட்டதில் வியப்பில்லை. கேசட்டை அழிக்காமல் வைத்திருந்தார், அது போதும்.

கேசட்டை ஓட்ட அந்தக் கேமரா வேண்டும். அதைத் தூசி தட்டிப் பழுது பார்த்தார் நம் தம்பி. கேமராவைக் கணினியோடு இணைக்க ஃபயர்வயர் என்ற கம்பி வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் அதற்கான துளையே இல்லை. எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தை திருவிழா வீடியோவுக்காக வாங்கிப் போட்ட பழைய கணினி ஒன்று அலுவலக மூலையில் இருந்தது. அதில் இருந்தது. அப்படித்தான் இந்தக் கதை என் அறைக்கு வந்தது. நான்கு மாலை அவர்களோடு நானும் உட்கார்ந்தேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். சன்னல் வழியே வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடாதீர்கள். கேமராவையும் கெடுத்து அடுத்த கேசட்டையும் கெடுக்கும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருப்பதையும் உடனே பதிவிறக்காமல், ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த நாடா தளரும். இன்னொன்று: கோப்பு இப்போதுதான் கணினியிலிருந்து அழிந்தது என்றால், அந்த நொடியிலிருந்து அந்தக் கணினியில் எதையும் புதிதாகச் சேமிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் அழிந்த கோப்பு பெரும்பாலும் உடனே போய்விடுவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் போகிறது. அதற்குள் மீட்டுத் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு.

மினிடிவியில் ஒரு நன்மை, எடுத்த நாளும் நேரமும் ஒவ்வொரு காட்சியோடும் பதிந்திருக்கும். அதை வைத்துக் கணினியே காட்சிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. பழைய டிவிடியின் ஓடிய பகுதியை ஒரு வரியில் வைத்து, அதற்கு மேல் வரியில் கேசட்டின் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார் தம்பி. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் முடிந்த படத்தைக் கொடுத்தால், எங்கெங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும். ஆக, பழைய படத்தை ஏறக்குறைய அச்சாகத் திரும்பச் செய்துவிடலாம். அப்பாவுக்கு அதுதான் வேண்டும். “எப்படி இருந்ததோ அப்படியே பண்ணுங்க தம்பி.”

மகள் கேசட்டைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை வந்தது.

பழைய படத்தில் ஒரு காட்சி உண்டு. சிறுமியின் தலையில் பூமுடி வைத்துக் கட்டுகிறது ஒரு கை. கை மட்டும்தான், இரண்டு விநாடி. மேலே பாட்டு. இத்தனை வருடமும் அது அப்பாவின் கை என்றே அவள் நினைத்திருந்தாள். கேசட்டில் அதே காட்சி 11 விநாடி ஓடுகிறது. கை மேலே போகிறது, முகம் வருகிறது. பெரியப்பா.

புதுநன்மை முடிந்த சில மாதத்தில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. ஒரு சுவரும் ஒன்றரை அடி நிலமும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. மறு ஆண்டு படத்தை வெட்டும்போது தம்பிக்காரர் அண்ணனை ஒரு நொடிகூட விடாமல் நீக்கிவிட்டார். ஐந்து கேசட்டிலும் அவர் இருக்கிறார், பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறார், பிள்ளையைத் தோளில் தூக்குகிறார், மெழுகுதிரியை அணையாமல் பிடித்துக்கொடுக்கிறார். படத்தில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் ஒருவரை மட்டும் கத்தரித்து எடுத்த படங்களை வீடு மந்திரிக்கப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். வீடியோவிலும் அதே கத்தரி.

ஆனால் அந்த 11 விநாடியில் இன்னொன்றும் இருந்தது. அப்போது அப்பா வண்டி பிடிக்கப் போயிருந்தார். கேமரா அம்மா கையில். படம் ஆடுகிறது. ஆடுகிறது என்பதாலும் அதை வெட்டியிருக்கிறார். கேமரா பிடிப்பவரின் உருவம் பதியாது. குரல்தான் மற்ற எல்லாரையும்விடத் தெளிவாகப் பதியும், மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால். “பெரிய அத்தான், கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க. பிள்ளை பீடத்துக்குப் போகையில விழுந்துரக் கூடாது.” அதற்கு அவர், “நீ முதல்ல கேமராவ ஆட்டாமப் பிடிம்மா.” அம்மா சிரிக்கிறார்.

பதினாறு ஆண்டாகப் பாட்டுக்கு அடியில் கிடந்த குரல் அது. என் அறையில் யாரும் பேசவில்லை. மகள் அதையே நான்கைந்து முறை ஓட்டினாள்.

பாட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீட்டு வீடியோக்களில் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுதான். திருமணமோ திருமுழுக்கோ, சத்தத்தை முழுதும் எடுத்துவிட்டு மேலே பாட்டைப் போர்த்திவிடுவார்கள். என் மறையுரையும் அதில் அடிபட்டுப் போகும். அதற்காக நான் அழமாட்டேன், பார்க்கிறவர்களும் அழமாட்டார்கள். ஆனால் ஆச்சி பேரனைக் கூப்பிடுவது, சமையல் கட்டில் யாரோ யாரையோ அதட்டுவது, மழை வந்து எல்லாரும் பந்தலுக்குள் ஓடுவது, இவையெல்லாம் போய்விடுகின்றன. அந்தப் பாட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த அதட்டல் கிடைக்காது. வீடியோ எடுக்கும் தம்பிமார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பாட்டின் ஒலியைக் குறைத்து அடியில் இருக்கும் பேச்சைக் கொஞ்சம் விடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குத் தர்மசங்கடம். அம்மாவின் குரல் தெளிவாகக் கிடைத்த இடங்கள் எல்லாம் அவர் கையில் கேமரா இருந்த இடங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் அண்ணன் இருக்கிறார். மனைவியின் குரல் வேண்டுமென்றால் அண்ணனின் முகமும் வரும். “குரலை மட்டும் எடுத்து வேற படத்துக்கு மேல போட்டுரலாமே தம்பி” என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். முடியும், தொழில்நுட்பத்துக்கு அது பெரிய வேலையே இல்லை. மகள்தான், “அம்மா பெரிய அத்தான்னு கூப்பிடுறாங்க. நீங்க யாரைக் காட்டுவீங்க அப்பா?” என்றாள்.

குருமடத்தில் எங்களுக்கு விவிலியம் சொல்லிக்கொடுக்கும்போது கேட்ட ஒரு செய்தி அன்றிரவு என் நினைவுக்கு வந்தது. எரேமியா நூலுக்கே இரண்டு வடிவங்கள் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கும் எரேமியா, எபிரேயத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது. வரிசையும் வேறு, பிற நாடுகளைப் பற்றிய இறைவாக்குகள் ஒன்றில் நடுவிலும் மற்றொன்றில் கடைசியிலும் வருகின்றன. மொழிபெயர்த்தவர்தான் வெட்டிவிட்டார் என்று வெகு காலம் சொன்னார்கள். சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள் துண்டுகளைப் பார்த்தால், எபிரேயத்திலேயே அந்தச் சிறிய வடிவமும் இருந்திருக்கிறது, பெரியதும் இருந்திருக்கிறது. ஒரே குகையில் இரண்டும் கிடைத்தன. நம் தமிழ் விவிலியத்தில் இருப்பது பெரியது. கடவுளின் வார்த்தையே மனிதர் கையில் தொகுக்கப்பட்டு, மறுபடி தொகுக்கப்பட்டு நம்மிடம் வந்திருக்கிறது என்றால், நம் குடும்பத்தின் கதையை ஒருமுறை வெட்டிவிட்டோம், இனி அதுதான் கதை என்று பிடிவாதம் பிடிக்க நாம் யார்? தொலைந்த அந்தக் கோப்பில் இருந்தது 2007-ஆம் ஆண்டின் ஒரு கோபக்காரரின் முடிவுகள். அன்று நடந்தது கேசட்டில் இருக்கிறது.

ஆனால் அவரை நான் அவசரப்படுத்தவில்லை. படத்தில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பது மாறிவிடாது. மன்னிப்பு என்றால் நடந்ததை அழித்துவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அழிப்பதைத்தான் அவர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டாரே.

கேசட்டும் இல்லை, கோப்பும் இல்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1969-இல் மனிதன் சந்திரனில் இறங்கியதைப் பதிவு செய்த மூல நாடாக்களை நாசா பிற்காலத்தில் தேடியது. அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் வர முடிந்தது. 2009-இல் அவர்கள் என்ன செய்தார்கள்? அன்று தொலைக்காட்சி ஒலிபரப்புக்காக வேறு இடங்களில் எடுத்து வைக்கப்பட்டிருந்த பிரதிகளைத் தேடித் திரட்டி, அவற்றிலிருந்து முடிந்த வரை சீர் செய்தார்கள். உங்கள் டிவிடி கீறிப்போனால், அன்று பிரதி வாங்கிப் போன உறவினரைக் கேளுங்கள். அவர்கள் வீட்டில் அது உறைக்குள் புதிதாகவே இருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் கேளுங்கள். கிடைத்ததும் ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று பிரதி செய்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அந்தக் குடும்பத்தின் புதிய படம் 52 நிமிடம் வந்தது. 11 விநாடியும் முழுதாக இருக்கிறது, ஆட்டத்தோடு, பாட்டில்லாமல். முதல் ஓலை வாசித்த ஞாயிறு மாலை அப்பா ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார், பதினேழு ஆண்டுக்குப் பிறகு. அழைப்பிதழ் கொடுப்பதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். படத்தைப் போட்டார்கள். சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. வழக்கு இன்றும் நடக்கிறது. அடுத்த வாய்தா தை மாதம்.

படம் முடிந்ததும் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், அவர்களைப் பெற்ற தாய் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாளே, அது எந்தக் கேசட்டிலாவது வந்திருக்கிறதா என்று. மூன்றாவது கேசட்டில் இருக்கிறது. அதை ஓட்டிக் காட்டும்படி இருவருமாகச் சேர்ந்து கேமராவோடு என் அலுவலகத்துக்கு வந்தார்கள்.